வேர் நுழைந்த வழி: ஒரு வீட்டுக் கழிவுநீர்க் குழாயின் நிகழ்வு ஆய்வு

தென்சென்னையில், கடற்கரைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள மணற்பாங்கான தெரு ஒன்றில் 1986-இல் கட்டப்பட்ட மாடி வீடு அது. 2020 நவம்பருக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடைப்பட்ட காலத்தில் அந்த வீட்டின் கழிவுநீர்க் குழாய் ஒன்பது முறை அடைத்துக்கொண்டது. ஒன்பது முறையும் ஆள் வந்து அடைப்பை எடுத்தார். ஒவ்வொரு முறையும் "வேர் புகுந்திருக்கிறது" என்ற விளக்கமே கிடைத்தது. கடைசி மூன்று முறை, பின்கட்டில் நிற்கும் தென்னையை வெட்டிவிட்டால் தொல்லை தீரும் என்ற அறிவுரையும் சேர்ந்து வந்தது. விளக்கம் பொய்யில்லை என்றாலும், எந்த மரத்தின் வேர், எந்த இடத்தில், எதனால் நுழைந்தது என்று யாரும் பார்க்கவில்லை. எழுபது வயதைக் கடந்த வீட்டுக்கார அம்மையார், தென்னையை வெட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி, அதே தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளன் என்ற முறையில் என்னைக் கேட்டுக்கொண்டார். 2023 மே மாதம் செய்த ஆய்வையும், அதைத் தொடர்ந்த வேலையையும், பிறகு இரண்டு ஆண்டுகள் கண்காணித்ததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மனையின் அளவு ஒரு கிரவுண்டு. பின்புறக் குளியலறையிலிருந்து தெரு வரை, வடக்குச் சந்தின் வழியாகக் கழிவுநீர்க் குழாய் செல்கிறது. வழியில் நான்கு சேம்பர்கள், அதாவது குழாயைத் திறந்து பார்க்கவும் அடைப்பு எடுக்கவும் கட்டிய செங்கல் தொட்டிகள், இருக்கின்றன. முதல் சேம்பருக்கும் இரண்டாவதற்கும் இடையே 20 அடி. அந்தப் பகுதிக்கு மேல் சமையலறையை ஒட்டிய பாத்திரம் தேய்க்கும் இடத்தின் கான்கிரீட் தரை இருக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு 18 அடி, மூன்றிலிருந்து நான்குக்கு 16 அடி. நான்காவது சேம்பரிலிருந்து தெருவின் பாதாளச் சாக்கடைக்கு இணைப்பு போகிறது. குழாய் முழுவதும் 4 அங்குல ஸ்டோன்வேர், அதாவது பளபளப்பு ஏற்றிய சுட்டமண் குழாய். ஒவ்வொன்றும் 2 அடி நீளம். ஒன்றின் அகன்ற வாய்க்குள் அடுத்ததன் முனையைச் செருகி, இடைவெளியில் சணல் திணித்து, மேலே சிமென்ட் கலவை பூசி இணைப்பது அக்கால வழக்கம். ஆகவே 54 அடித் தூரத்துக்குள் ஏறத்தாழ 27 இணைப்புகள். ஸ்டோன்வேர் எளிதில் கெடாத பொருள். அமிலமோ காரமோ அதை ஒன்றும் செய்வதில்லை. நூறாண்டு கடந்தும் முழுசாகக் கிடக்கும் குழாய்களைத் தோண்டி எடுத்திருக்கிறேன். ஆனால் உள்ளே இருக்கும் சணல் மக்கும், சிமென்ட் பூச்சு வெடிக்கும், மணல் தளர்ந்த இடத்தில் குழாய் இறங்கும். இரண்டடிக்கு ஒரு இணைப்பு என்பது இரண்டடிக்கு ஒரு பலவீனம் என்றே கொள்ள வேண்டும்.

அடைப்பின் வரலாறு

முதல் அடைப்பு 2020 நவம்பரில், நிவர் புயல் மழையின்போது நேர்ந்தது. தெருவே தண்ணீரில் நின்றதால் வீட்டார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கடுத்த அடைப்புக்குப் பத்து மாதம் ஆயிற்று. பிறகு இடைவெளி ஐந்து மாதமாகவும் மூன்று மாதமாகவும் சுருங்கி, எட்டாவதற்கும் ஒன்பதாவதற்கும் இடையே ஆறே வாரம்தான் இருந்தது. இந்தச் சுருக்கம்தான் என் கவனத்தை முதலில் ஈர்த்தது. சமையல் எண்ணெயும் முடியும் சேர்ந்து உண்டாகும் சாதாரண அடைப்பு, எடுத்த பிறகு அடுத்த முறை வரச் சுமார் அதே காலத்தையே எடுத்துக்கொள்ளும். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், எடுக்கும் முறையே அடைப்பை வளர்க்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

அந்தச் சந்தேகத்துக்கு இரண்டு காரணங்கள் கிடைத்தன. முதல் ஐந்து முறை மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினார்கள். பிறகு, சுழலும் கம்பிச்சுருளால் அடைப்பை அறுக்கும் ஸ்பிரிங் மெஷின் கொண்டுவந்தார்கள். இரண்டுமே வேரை அறுத்து வழியைத் திறப்பவை. வேர் நுழைந்த துளையை அவை தொடுவதில்லை. கவாத்து செய்த கிளை பல கிளைகளாகத் துளிர்ப்பதைப் போல, அறுபட்ட வேரும் முனைக்குப் பின்னால் பலவாகக் கிளைக்கும். ஒரு வேர் இருந்த இடத்தில் ஒரு கற்றை வரும்.

இரண்டாவது காரணம் வீட்டிலேயே இருந்தது. கடைக்காரர் சொன்னபடி, வாரத்துக்கு ஒரு பாட்டில் ஆசிட்டைக் குளியலறைத் துளையில் ஊற்றி வந்திருக்கிறார்கள். ஆசிட் வேரைக் கரைக்காது. மரத்தன்மை ஏறிய வேர், குழாய்க்குள் ஓடி நீர்த்துப்போன அமிலத்துக்கு அசையாது. ஆனால் சிமென்ட் அமிலத்தில் கரையும். ஸ்டோன்வேரை விட்டுவிட்டு இணைப்புப் பூச்சை மட்டும் அரிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேருக்கு வாசலை அகலப்படுத்தியிருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். மயில்துத்தத்தையும் (காப்பர் சல்பேட்) இருமுறை போட்டுப் பார்த்திருந்தார்கள். அது பட்ட இடத்தில் வேரின் நுனியைக் கருக்கும் என்பது உண்மை. ஆனால் பெரும்பகுதி ஓடும் நீரோடு போய்விடும், போகும் இடத்தில் நீர்வாழ் உயிர்களுக்கும் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கும் கேடு செய்யும். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் அதைப் போடுவது, தொட்டி வேலை செய்வதையே நிறுத்தும் வழி.

ஒரு வேறுபாட்டையும் குறிக்க வேண்டும். மேல்நாட்டு விளக்கங்களில், குழாய்க்குள் தொங்கும் வேரில் கழிப்பறைக் காகிதம் சிக்கி அடைப்பதாகவே படிக்கிறோம். நம் வீடுகளில் அந்த இடத்தைப் பிடிப்பது தலைமுடியும், பாத்திரத்தோடு கழுவி விடப்படும் எண்ணெய்ப் பிசுக்கும், தேங்காய்த் துருவலும், பருப்புத் திப்பியும்தான். வேர் வலை, இவை வலையில் படிவன. இந்த வீட்டில் எடுத்த அடைப்பைக் கழுவிப் பார்த்தபோது வேரும் முடியும் சரிபாதியாக இருந்தன.

தேடிய விதம்

அடைப்பு எடுத்த மறுவாரமே ஆய்வைத் தொடங்கினேன். குழாய் காலியாக இருக்கும்போதுதான் அதன் குறையைப் பார்க்க முடியும். முதலில் சந்தின் தரையைப் பார்த்தேன். இரண்டாவது சேம்பரைத் தாண்டிச் சுமார் பத்தடியில், சிமென்ட் தரை உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்திருந்தது. மூன்றாவது சேம்பரின் அடியில் சுத்தமான மஞ்சள் மணல் ஒரு சட்டி அளவுக்குப் படிந்திருந்தது. வீட்டிலிருந்து மணல் வருவதற்கு வழியில்லை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது, திறந்த இணைப்பின் வழியாக நீரும் மணலும் குழாய்க்குள் வருகின்றன; மணல் போன இடத்தில் பள்ளம் விழுகிறது; பள்ளத்தில் குழாய் இறங்குகிறது; இறங்கிய இணைப்பு மேலும் திறக்கிறது. வெளியில் தெரியும் இந்த இரண்டு அடையாளங்களையும் பார்த்தாலே, எங்கே தோண்ட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

அடுத்து டியூப் லெவல், அதாவது மட்டம் பார்க்க நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய், பிடித்து சேம்பர்களின் அடிமட்டத்தை அளந்தோம். இரண்டாவது சேம்பரிலிருந்து நான்காவது வரை உள்ள 34 அடிக்கு 9 அங்குல இறக்கம் இருந்தது. 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1, அதாவது 40 அடிக்கு ஓர் அடி இறக்கம், என்பது கைக்கணக்கு. அதன்படி 10 அங்குலம் வேண்டும், 9 இருந்தாலும் குறையில்லை. ஆனால் அந்த 9 அங்குலத்தில் 7-ஐ மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கொடுத்துவிட்டு, இரண்டுக்கும் மூன்றுக்கும் 2 அங்குலத்தை மட்டும் வைத்திருந்தார்கள். கொத்தனார் இரு முனையிலிருந்தும் தொடங்கி நடுவில் சந்தித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த 18 அடியில் நீர் ஓடவில்லை, நகர்ந்தது.

பிறகு நீர் நிறுத்திப் பார்க்கும் சோதனை. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்; சாக்குத்துணியைப் பந்தாகச் சுருட்டி, களிமண் பூசி, மூன்றாவது சேம்பரில் குழாயின் வாயையும், இரண்டாவது சேம்பருக்குள் மேலிருந்து வரும் வாயையும் அடைத்தோம். இரண்டாவது சேம்பரில் குழாய்க்கு மேல் ஒரு அடி உயரம் வரை நீர் நிரப்பி, சுவரில் கரிக்கோடு போட்டோம். 15 நிமிடத்தில் 8 அங்குலம் இறங்கியது. 18 அங்குலச் சதுரச் சேம்பரில் அது ஏறக்குறைய 40 லிட்டர். இதே சோதனையில் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே 3 அங்குலமும், ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே அரை அங்குலத்துக்குக் குறைவாகவும் இறங்கின. தொல்லை எந்த 18 அடியில் இருக்கிறது என்பதில் பிறகு ஐயமில்லை.

தொழில்முறைக் கேமரா வைத்திருப்பவர் கேட்ட தொகை அம்மையாருக்கு அதிகமாகப் பட்டது. கைப்பேசியோடு இணைக்கும், கம்பி நுனியில் அமைந்த சிறு எண்டோஸ்கோப் கேமராவை மூங்கில் பிளாச்சின் நுனியில் கட்டி உள்ளே செலுத்தினோம். ஒவ்வொரு இரண்டடிக்கும் இணைப்பு ஒரு வெள்ளை வளையமாகத் தெரிந்ததால், தூரத்தை வளையங்களை எண்ணியே குறித்துக்கொண்டோம். ஐந்தாவது வளையத்தில் மேற்புறத்திலிருந்து வேர் திரைச்சீலைபோல் தொங்கியது. ஆறாவதில் பக்கவாட்டில் ஒரு கற்றை. மற்ற வளையங்களில் கறை இருந்தது, வேர் இல்லை.

தோண்டியபோது கண்டது

இரண்டரை அடி ஆழத்தில் குழாய் தெரிந்தது. தென்னையின் வேர்கள் அதைச் சுற்றி ஓடியிருந்தன. ஆனால் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. தென்னையின் வேர் சுண்டுவிரல் பருமனில் ஒரே சீராக நீளும். வேம்பு, அரசு போன்றவற்றின் வேரைப் போல ஆண்டுக்காண்டு பருத்துப் பிளப்பதில்லை. இந்த வீட்டில் அது செய்த குற்றம் வேறு: மூன்றாவது சேம்பரின் செங்கல் சுவருக்கும் பூச்சுக்கும் நடுவே புகுந்து பூச்சை உப்ப வைத்திருந்தது.

ஐந்தாவது இணைப்பில் நுழைந்த வேர், வெளியே தீக்குச்சிப் பருமன்தான். இணைப்பின் இடுக்கில் அது நாடாவைப் போலத் தட்டையாகியிருந்தது. உள்ளே வந்ததும் ஆயிரம் இழைகளாகப் பிரிந்து, மூன்றடி நீளச் சடையாக நீரோட்டத்தின் திசையில் கிடந்தது. வெளியிலிருந்த பகுதியைக் கத்தியால் கீறியதும் வெள்ளையாகப் பால் வடிந்தது. தென்னைக்கும் வேம்புக்கும் அப்படிப் பால் கிடையாது. சந்தின் மறுபக்கம், நான்கடி தள்ளி, மதில் சுவரின் வெடிப்பில் மணிக்கட்டுப் பருமனில் ஒரு கட்டை இருந்தது. பறவை எச்சத்தில் விழுந்து முளைத்த அரசங்கன்று; ஆண்டுதோறும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தழையைக் கழித்துவிடுவார்கள், பத்து மாதத்தில் மீண்டும் ஆளுயரம் வளர்ந்துவிடும். வேரோடு எடுக்க அம்மையாருக்கு மனம் இல்லை. அரசை அழிப்பது ஆகாது என்ற எண்ணம். ஆனாலும் யாரோ சொன்னார்கள் என்று, கட்டையில் துளையிட்டு இருமுறை பெருங்காயம் வைத்திருக்கிறார். பெருங்காயச் செலவைத் தவிர மாற்றம் எதுவும் இல்லை.

வேர் தூரத்திலிருந்தே குழாயை மோப்பம் பிடித்து வருவதாகப் பலர் நம்புகிறார்கள். உண்மையில் வேர் எல்லாத் திசையிலும் போகிறது. ஈரமும் சத்தும் காற்றும் கிடைக்கும் இடத்தில் தழைக்கிறது, கிடைக்காத இடத்தில் நின்றுவிடுகிறது. வறண்ட மணலுக்குள் நாள்தோறும் சத்து நிறைந்த நீர் கசியும் ஒரு புள்ளி இருந்தால், அதைச் சுற்றி மட்டும் வேர் அடர்ந்து, கசிவின் வழியே உள்ளே போகும். பாதி நீரும் பாதி காற்றுமாக இருக்கும் கழிவுநீர்க் குழாயில் வேருக்கு வேண்டியவை எல்லாமே இருக்கின்றன. குறையில்லாத குழாயை மென்மையான வேர்நுனி துளைத்துவிடாது. இந்த வீட்டில் முதலில் கசிந்தது குழாய். வேர் பிறகு வந்தது.

இதில் நான் அதிகம் கவலைப்பட்டது அடைப்பைப் பற்றி அல்ல. மூன்றாவது சேம்பரிலிருந்து ஏழடியில் ஓர் உறைகிணறு இருக்கிறது. துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் அந்த நீரையே பயன்படுத்துகிறார்கள். மணல் நிலத்தில் ஏழடி என்பது ஒரு தடையே அல்ல. நீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை, அதாவது மலக்கலப்பைக் காட்டும் பாக்டீரியா, கண்டறியப்படவே கூடாது. இந்த மாதிரியில் அது இருந்தது. வேர் நுழைந்த வழியே கழிவுநீர் வெளியேறியும் இருக்கிறது என்பதை இரண்டரை ஆண்டுகளில் யாரும் வீட்டாருக்குச் சொல்லவில்லை.

செய்த வேலை

இரண்டு இணைப்புகளை மட்டும் திறந்து மறுபடி பூசிவிடலாம் என்று பிளம்பர் சொன்னார். அடுத்த இணைப்புகளும் அதே வயதுடையவை என்பதால் நான் ஒப்பவில்லை. 1971-இல் லண்டனில் முதன்முதலாகச் செய்யப்பட்ட, பிசின் ஊறிய துணிக்குழாயைப் பழைய குழாய்க்குள் செலுத்தி இறுக வைக்கும் லைனிங் முறையும் உண்டு. தரையைத் தோண்டாமலே இணைப்புகளை எல்லாம் மூடிவிடும் நல்ல முறைதான். ஆனால் உள்ளுறை பழைய குழாயின் வடிவத்தையே பின்பற்றும். இறங்கிய இடம் இறங்கியே இருக்கும். நம் குறைகளில் சாய்வும் ஒன்று என்பதால் அது பொருந்தவில்லை. இரண்டாவது சேம்பரிலிருந்து நான்காவது வரை முழுக்க மாற்றுவதென்று முடிவாயிற்று.

நிலத்தடிக் கழிவுநீருக்கென வரும் எஸ்.என். 8 வகை (எஸ்.என். என்பது குழாய் நசுங்காமல் தாங்கும் விறைப்பின் அளவு) 110 மி.மீ. பி.வி.சி. குழாயைத் தேர்ந்தெடுத்தோம். சுவரோரம் இறக்கும் எஸ்.டபிள்யு.ஆர். குழாயையே மண்ணிலும் புதைப்பது பரவலான வழக்கம். அதிலும் மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்குமான மெல்லிய ஏ வகையைப் புதைப்பவர்கள் இருக்கிறார்கள். மண்ணின் பாரத்தில் அது நாளடைவில் நீள்வட்டமாக நசுங்கும். எஸ்.என். 8-இன் 6 மீட்டர் நீளம், அதாவது 20 அடி, இந்த வேலைக்கு வாகாக அமைந்தது: 18 அடிக்கும் 16 அடிக்கும் தலா ஒரே குழாய். இடையில் 17 இணைப்புகள் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

எஞ்சிய பலவீனம், குழாய் சேம்பரின் சுவரில் நுழையும் இடம். வழவழப்பான பி.வி.சி.யில் சிமென்ட் ஒட்டாது. ஆறு மாதத்தில் மயிரிழை இடைவெளி விழும், வேருக்கு அது போதும். சுவருக்குள் அமையும் பகுதியில் சால்வென்ட் சிமென்ட் எனப்படும் பி.வி.சி. பசையைத் தடவி, ஈரம் காயுமுன் பருமணலைத் தூவி, நன்றாகக் காயவிட்டுப் பிறகு கலவை வைத்தோம். இதைச் செய்யாத பிளம்பர்களே அதிகம்; அரை மணி நேர வேலைதான். குழாயின் அடியில் 4 அங்குலம் மணல் பரப்பி, மொத்த இறக்கத்தைச் சீராகப் பங்கிட்டு 45-க்கு 1 என்ற சாய்வில் அமைத்தோம். மூன்றாவது சேம்பரின் உட்பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினோம். மதிலை மூன்றடி அகலத்துக்குப் பிரித்து, அரசங்கட்டையை வேர்முண்டோடு எடுத்தோம். அது இப்போது கோயில் குளக்கரை ஒன்றில் நடப்பட்டுத் துளிர்த்திருக்கிறது, அம்மையாரின் மனக்குறையும் அதனால் தீர்ந்தது. தென்னை நிற்கிறது.

வேலையின் நடுவே ஒரு தொழிலாளி, தெருப்பக்க இணைப்பையும் பார்த்துவிடுவதாகச் சொல்லிச் சாலையிலிருக்கும் மேன்ஹோலைத் திறந்து இறங்க முற்பட்டார். தடுத்தோம். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இப்படி ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது என்பது ஒருபுறம். மூடிய மேன்ஹோலில் தேங்கும் வாயு, ஆளை எச்சரிக்கை கூட இல்லாமல் சாய்த்துவிடும் என்பது மறுபுறம். தெருப்பக்கம் சென்னைக் குடிநீர் வாரியத்தின் இயந்திரத்துக்கு உரியது.

மொத்தச் செலவு மதிலோடு சேர்த்து ரூ. 46,000. அதற்கு முந்தைய ஒன்பது முறைக்கும் ஆசிட்டுக்குமாகச் செலவானது ஏறத்தாழ ரூ. 19,000 என்று அம்மையாரின் கணக்கு நோட்டு காட்டியது.

பிந்தைய நிலை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அந்த வீட்டின் நான்காவது சேம்பர் பொங்கியது. "எல்லாம் மாத்தியும் இப்படி ஆயிடுச்சே, தம்பி" என்று அம்மையார் தொலைபேசியில் வருந்தினார். நீர் வடிந்த பிறகு கேமரா விட்டுப் பார்த்ததில் குழாய் சுத்தமாகவே இருந்தது. தெருச் சாக்கடை நிரம்பி எதிர்த்து வந்திருக்கிறது. அதற்குப் பரிகாரம் வேறு. நான்காவது சேம்பரின் வெளிவாயில், நீரை ஒரு திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்தினோம். அது மூடியிருக்கும் நேரத்தில் வீட்டுத் தண்ணீருக்கும் போக்கிடம் இல்லை என்பதையும், அதன் மடலில் முடி சிக்கினால் மூடாது என்பதையும் எழுதியே கொடுத்திருக்கிறேன். கிணற்றை இறைத்து பிளீச்சிங் பவுடர் இட்ட பின் ஆகஸ்டில் எடுத்த மாதிரியில் ஈ.கோலை இல்லை, டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மீண்டும் இருந்தது. தெரு வெள்ளமே கிணற்றின் விளிம்பைத் தாண்டிய அந்த வாரத்தில் கிடைத்த சோதனை முடிவுக்குக் குழாயைக் குறை சொல்ல முடியாது; மறுபடி இறைத்து மருந்திட்டதும் சரியாயிற்று.

மாற்றிய 34 அடியில் 2025 மே மாதம் வரை அடைப்பும் இல்லை, வேரும் இல்லை. மூன்றாவது சேம்பரின் புதிய பூச்சில் மட்டும் தென்னை வேரின் பழுப்பு நுனி ஓரிடத்தில் எட்டிப்பார்த்தது; வெட்டிப் பூசினோம். கவனிக்க வேண்டியது, தொடாமல் விட்ட முதல் 20 அடி. அங்கே நீர் நிறுத்திப் பார்த்தபோது 2023-இலும் 2024-இலும் அரை அங்குலத்துக்குள் இருந்த இறக்கம், 2025 மே மாதம் ஒன்றேகால் அங்குலமாகியிருக்கிறது. வேர் எதுவும் இன்னும் நுழையவில்லை. பாத்திரம் தேய்க்கும் இடத்தின் தரையை உடைத்தாக வேண்டும் என்று சொன்னேன். தை பிறக்கட்டும் என்றார் அம்மையார். ஐப்பசி மழை தைக்கு முன்னால் வந்துவிடும் என்பதால், ஆவணிக்குள் முடித்துவிடக் கேட்டிருக்கிறேன்.